ராத்தாவின் அறபு

கல்முனைக்குடி
08.01.2023

அன்புள்ள மசாஹிரா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்க நானும் றிபாத்தும் உங்கட மகள் றுஸ்னாவும் அல்லாஹ்ட கிருபையால சுகம். அம்மானில இந்த முறை குளிர் கூட எண்டு சொன்னீங்க. முழங்கால் நோவு எப்படி? தைலம் முடிஞ்சிருந்தா சொல்லுங்க, ஆரும் வரக்குள்ள குடுத்துவிடுறன்.

போன் இருக்கக்குள்ள இவள் ஏன் கடிதம் எழுதுறாள் எண்டு யோசிப்பீங்க. காரணம் இருக்கு. எங்கட பாடசாலையில உயர்தரத்துக்கு அறபு படிக்கிற பன்னிரண்டு புள்ளைகளை வாற ஓகஸ்ட் மாதம் ஜோர்தானுக்குக் கூட்டி வரப் போறம். ஓம் ராத்தா, நீங்க இருக்கிற அதே அம்மானுக்குத்தான். அங்க ஒரு மொழி நிறுவனம் பன்னிரண்டு நாள் வகுப்புக்கு அழைச்சிருக்கு. தங்குறதும் அவங்கட விடுதியில. அதிபர் பதியுதீன் சேர் காலைக் கூட்டத்தில இதைச் சொல்லக்குள்ள நான் பின்னால நிண்டு அழுதிட்டன். அறபு டீச்சர் எண்ட பேரோட இத்தனை வருசம் கரும்பலகைக்கு முன்னால நிண்டிருக்கன், ஒரு அறபு நாட்டைக் கண்ணால கண்டதில்ல.

போன மாதம் அந்த நிறுவனத்துச் சேர் ஒருவர் எங்கட புள்ளைகளைப் பார்க்க வந்தார். பேச்சுப் போட்டியில அகில இலங்கையில முதலாமிடம் எடுத்த ஷிம்றா எழும்பி, "தாங்கள் எதனை அருந்த விரும்புகின்றீர்கள்?" எண்டு இலக்கண சுத்தமா அறபில கேட்டாள். அவர் சிரிச்சிட்டு கெதியா என்னமோ சொன்னார். பன்னிரண்டு பேரும் என்ட முகத்தைப் பார்த்தாங்க. எனக்கும் விளங்கல்ல. தேத்தண்ணியா தண்ணியா எண்டு தெரியாம ரெண்டையும் கொண்டுபோய் வைச்சம்.

அதால ஒரு உதவி கேட்கிறன். அந்த நாட்டுச் சனம் வாயால கதைக்கிற அறபை எனக்கு எழுதி அனுப்புங்க. கடையில, பஸ்ஸில, ஊட்டுக்குள்ள. தமிழ் எழுத்திலயே எழுதுங்க. நான் வகுப்பில வாசிச்சுக் காட்டப் போறன். போன்ல சொன்னா எனக்கு நினைவில நிக்காது.

றுஸ்னாவும் அந்தப் பன்னிரண்டு பேரில ஒராள்.

உங்கட தங்கச்சி,
நஸ்லியா


அம்மான்
05.02.2023

என்ட தங்கம் நஸ்லியாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ராத்தா சுகமாத்தான் இரிக்கன். முழங்கால் இரிக்கிற மாதிரித்தான் இரிக்கி. நீயும் உன்ட மாப்பிள்ளை றிபாத் தம்பியும் புள்ளையும் சுகமா இரிக்க ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேக்கிறன்.

உன்ட கடிதம் காலித்ட மசாலாக் கடைக்கு வந்து மூணு நாள் கிடந்திரிக்கி. நான் பார்க்கிற கிழவி உம்மு காலித்ட மகன்தான் அவர். கொண்டுவந்து தந்ததும் நாலு தரம் வாசிச்சன். நாலாம் தரம் வாசிக்கக்குள்ள கிழவிட சூப் அடிப்பிடிச்சிட்டு.

நீ கம்பஸ் படிச்ச ஆள். நான் ஒன்பதாம் வகுப்போட நிண்ட ஆள். என்ட அறபு குசினி அறபு, சட்டி கழுவக்குள்ள காதால படிச்சது. புள்ளைகள் சிரிக்கும். என்னப் பார்த்துச் சிரிச்சாப் பரவால்ல, அதால உன்ன ஆரும் குறைவாக் கதைக்கப்புடா.

சரி, கேளு. நீங்க புத்தகத்தில "மாதா துரீத்" எண்டு படிப்பீங்க. இங்க சந்தையில ஆரும் அப்புடிக் கேக்கிறல்ல. "ஷூ பித்தக்?" எண்டுதான் கேப்பாங்க. பொம்புளையிட்ட எண்டா "ஷூ பித்திக்?" எனக்கு வேணும் எண்டா "பித்தி". பேக்கரிக்குப் போனா "பித்தி குப்ஸ், தாஸா, மிஷ் பாயித்" எண்டு செல்லணும். புதுப் பாண் வேணும், நேத்தையான் வேணாம் எண்டு அர்த்தம். மிஷ் பாயித் எண்டத நல்லா அழுத்திச் செல்லணும். இல்லாட்டி நேத்தையானத்தான் தலையில கட்டுவாங்க.

றுஸ்னா வாறாள் எண்டு ஒரு வரி மட்டும் எழுதியிரிக்காய். அவளுக்கு வாறத்துக்கு விருப்பமா? ஒன்பது வயசுக்குப் புறகு அவள் போனுக்கு வரல்ல. படிக்கிறாள், குளிக்கிறாள், தூங்குறாள் எண்டு நீ செல்ற. நானும் ஓம் ஓம் எண்டு கேட்டுட்டு வைக்கிறன். கடிதத்திலயாவது எழுது.

உன்ட ராத்தா,
மசாஹிரா


கல்முனைக்குடி
01.03.2023

அன்புள்ள ராத்தா,

ஸலாம். இங்க மழை விட்டு வெயில் பிடிச்சிட்டு. வயல் வெட்டு நடக்கிறதால றிபாத் நெல் மில்லே கதியெண்டு கிடக்கிறார். நாங்க சுகம். உங்கட கிழவிக்கு இருமல் சுகமா?

உங்கட கடிதத்தை வகுப்பில வாசிச்சன். நீங்க சொன்ன மாதிரிச் சிரிச்சாங்க. ஆனா ராத்தா, அந்தச் சிரிப்பு வேற. ஷிம்றா எழும்பி, "டீச்சர், மூணு வருசம் படிச்சும் எனக்கு அங்க பாண் வாங்கத் தெரியாம இருந்திருக்கே" எண்டாள். இடைவேளைக்கு கன்டீனுக்குப் போய் ரோல்ஸ் வாங்கக்குள்ள எல்லாரும் "மிஷ் பாயித்! மிஷ் பாயித்!" எண்டு கத்த, கன்டீன்காரர் தனக்கு ஏசுறாங்க எண்டு நினைச்சு என்னிட்ட முறைப்பாட்டுக்கு வந்திட்டார்.

ஒரு சின்னத் திருத்தம் செய்தன், கோவிக்காதீங்க. நீங்க "குப்ஸ்" எண்டு எழுதியிருந்தீங்க. அந்த எழுத்து தொண்டையில இருந்து வரவேணும் எண்டு புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தன். எல்லாரும் திருத்தினாங்க. றுஸ்னா மட்டும் கொப்பியில நீங்க எழுதின மாதிரியே வைச்சிருக்காள்.

பொம்புளைப் புள்ளைகளோட ரெண்டு டீச்சர்மார் போகவேணும் எண்டு பெற்றார் கூட்டத்தில முடிவாச்சு. நானும், இங்கிலீஷ் படிப்பிக்கிற செல்லத்தங்கம் டீச்சரும். பாண்டிருப்பில இருக்கிற டீச்சர்தான். அடுத்த வருசம் ஓய்வு. அறபில ஒரு சொல்லும் தெரியா. "எனக்குத் தமிழும் இங்கிலீசும் கையும் இருக்கு, காணும்" எண்டு சொல்றா.

இன்னும் எழுதுங்க. அடுத்த பாடத்துக்கு எல்லாரும் பார்த்துக்கொண்டு இருக்காங்க.

றுஸ்னா வளர்ந்திட்டாள். என்னைவிட உயரம்.

தங்கச்சி நஸ்லியா


அம்மான்
04.04.2023

நஸ்லியா,

ஸலாம். நோம்பு பதிமூணு. இங்க பகல் நீளம். நோம்பு திறக்க ஊர்க் கஞ்சிய நினைச்சா நாக்கு ஊறுது. உங்கட நோம்பெல்லாம் கபூலாகட்டும்.

கன்டீன்காரர்ட கதைய கிழவிக்குச் சொன்னன். அவ சிரிச்சுச் சிரிச்சு இருமத் தொடங்கிட்டா. முதுகத் தடவித்தான் நிப்பாட்டினன்.

இந்த முறை வருத்தத்துக்குச் செல்ற சொல்லு. தலையிடி எண்டா "ராஸி பியூஜஅனி". வருத்தக்காரப் பொம்புளைக்கு ஆறுதல் செல்ல "ஸலாம்த்திக்". தூரத்தில இரிந்து ஒராள் ஊட்டுக்கு வந்தா "நவ்வர்த்தி" எண்டு செல்வாங்க. நீ வந்ததால இந்த ஊடு வெளிச்சமாப் போச்சு எண்டு அர்த்தம். கன காலம் காணாத ஆளுக்கு "இஷ்தக்தில்லிக்". எனக்கு உன்னத் தேடுது எண்டு நம்மட ஊர்ல செல்றோமே, அதான்.

இந்தக் கடைசிச் சொல்ல ரெண்டு தரம் வாசி. மெதுவா வாசி.

நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதல்ல. அவள்ட உயரத்த எழுதியிரிக்காய்.

ராத்தா


கல்முனைக்குடி
10.05.2023

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். பெருநாளைக்குப் போன்ல கதைச்சாலும் கடிதத்தில ஒரு பெருநாள் வாழ்த்து. நாங்க சுகம். புள்ளைகளுக்கு பாஸ்போட் எல்லாம் எடுத்தாச்சு. படத்தில பன்னிரண்டு பேரும் கள்ளர் மாதிரி முழிக்கிறாங்க.

நீங்க சொன்ன மாதிரி ரெண்டு தரம் வாசிச்சன். முதல் தரம் வாசிக்கக்குள்ள றுஸ்னா எழுதினாள். ரெண்டாம் தரம் வாசிக்கக்குள்ள தண்ணி குடிக்கப் போகணும் எண்டு கேட்டு வெளிய போனாள். மணி அடிக்கும் வரை வரல்ல.

ராத்தா, உங்களுக்கு ஒளிச்சு வைச்சது போதும். சம்மதப் படிவத்தை அவள் ஒரு மாதமாக் குடுக்காம வைச்சிருந்தாள். வரமாட்டன் எண்டுதான் சொன்னாள். நான் ஏசல்ல, கெஞ்சவும் இல்ல. போன கிழமை அவளாவே நிரப்பி மேசையில வைச்சிருந்தாள். ஏன் மனம் மாறினாள் எண்டு கேட்கப் பயத்தில கேட்கல்ல. போனுக்கு வராததுக்கும் ஒரு காரணம் இருக்கு. எனக்குத் தெரியும். ஆனா அது அவள் சொல்ல வேண்டியது, நான் சொல்லக் கூடாது.

உங்கட ஊட்டு விலாசத்தை எழுதுங்க. கடை விலாசம்தான் என்னிட்ட இருக்கு. ஒரு நாள் புள்ளைகளோட வந்து கிழவிக்கும் ஸலாம் சொல்லிட்டுப் போறம்.

நஸ்லியா


அம்மான்
12.06.2023

நஸ்லியா,

ஸலாம். சுகம். கிழவிக்குக் கொஞ்சம் ஏலாம இரிக்கி, அதால நீட்டி எழுத நேரமில்ல.

இங்க புள்ளைகளக் கூட்டி வர வேணாம். படிக்கட்டு கூட. ஊட்டுக்காரங்களுக்கும் கரைச்சல். நானே விடுதிக்கு வாறன். நீங்க வந்து இறங்குற அண்டைக்கே வாறன்.

ராத்தா


கல்முனைக்குடி
20.07.2023

அன்புள்ள ராத்தா,

ஸலாம். இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குற எண்டு தெரியல்ல. நான் வரல்ல ராத்தா. கால் பிசகிட்டு. விமானத்தில அவ்வளவு நேரம் இருக்க ஏலாது. எங்கட பாடசாலை மசூர் மௌலவியை எனக்குப் பதிலாப் போட்டிருக்கு. அவரும் செல்லத்தங்கம் டீச்சரும் புள்ளைகளைக் கூட்டி வருவாங்க.

றுஸ்னாட்ட உங்களுக்குச் சாமான் குடுத்திருக்கன். மாசி, கொறுக்காய்ப் புளி, தைலம், நீங்க கேட்ட ரெண்டு கைத்தறிச் சாறன். கருவாடு வேணாம், பேக் நாறும் எண்டு அவள் எடுத்து வெளிய வைச்சாள். நான் திருப்பி உள்ள வைச்சன்.

செல்லத்தங்கம் டீச்சரிட்ட மட்டும் எல்லாத்தையும் சொல்லியிருக்கன். நம்பிக் கதைக்கலாம்.

ஒண்டாம் திகதி பின்னேரம் வந்து இறங்குவாங்க. போங்க ராத்தா. போய்ப் பாருங்க.

நஸ்லியா


அம்மான்
20.08.2023

என்ட தங்கச்சி நஸ்லியாவுக்கு,

ஸலாம். நான் சுகம். இந்தச் சொல்ல இத்தனை வருசத்துக்குப் புறகு இண்டைக்குத்தான் மெய்யா எழுதுறன்.

முதல்ல என்ட பொய்ய செல்றன். ஒண்டாம் திகதி நான் விடுதிக்கு வந்தன். எதிர்ப்பக்கத்துல, மருந்துக்கடை வாசல்ல நிண்டன். பஸ் வந்து நிண்டிச்சு. பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி அபாயா, ஒரே மாதிரி நீலப் பர்தா. நீ அனுப்புற போட்டோ எல்லாம் எனக்கு மனப்பாடம், ஆனா தூரத்தில இரிந்து முகம் தெரியல்ல. மூணு பேர் உயரமா இருந்தாங்க. மூணு பேரையும் என்ட மகள் எண்டு பார்த்தன். ரோட்டக் கடக்க ஒரு காலத் தூக்கினன். வாசல்ல பொலிஸ் ஜீப் ஒண்டு நிண்டிச்சு. திரும்பி வந்திட்டன்.

எனக்குக் காகிதம் இல்ல நஸ்லியா. முதல் ஊட்டுக்காரன் பாஸ்போட்ட வாங்கி வைச்சவன், தரல்ல. மூணாம் வருசம் அவங்கட அடி தாங்க ஏலாம வெளிய ஓடி வந்தன். உம்மு காலித்தான் என்ன ஊட்டுக்குள்ள ஏத்துக்கொண்டவ. அண்டையில இருந்து எட்டு வருசம் இந்தத் தெருவ விட்டு வெளிய போனது கை விரல்ல எண்ணலாம். ரெண்டு வருசத்தில வாறன் எண்டு செல்லிட்டு வராதது இதாலதான். உங்களுக்குச் செல்லிருந்தா நீங்க தூங்குவீங்களா?

அதுக்குப் புறகு வந்த வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிஞ்ச நேரம். நான் வாசல் படியில தண்ணி ஊத்திக் கழுவிட்டு நிண்டன். கீழ இருந்து ஒரு மூச்சு வாங்குற சத்தம். பார்த்தா சீலை உடுத்து, பொட்டு வைச்சு, காலுக்கு ஓடுற சப்பாத்துப் போட்ட ஒரு பொம்புளை. அந்தத் தெருச் சனமே யன்னலால பார்க்குது. "தங்கச்சி, நீங்கதான் மசாஹிராவா? இந்தப் படியக் கட்டினவனுக்கு முழங்காலே இல்லப் போல" எண்டா. அவக்குப் பின்னால உன்ட புள்ள. கையில ஒரு பாண் பார்சல்.

எப்புடி வந்தாங்க எண்டு கேளு. கடிதத்தில இருந்த கடை விலாசத்த வைச்சுக்கொண்டு ரெண்டு பேரும் வந்திரிக்காங்க. வெள்ளிக்கிழமையால கடை பூட்டு. என்ன செய்ற எண்டு தெரியாம பேக்கரிக்குள்ள போய், றுஸ்னா "பித்தி குப்ஸ், தாஸா, மிஷ் பாயித்" எண்டிரிக்காள். பேக்கரிக்காரர் அபூ நிழால் மா பூசின கையோட நிண்டு சிரிச்சாராம். "இந்தத் தெருவில ஒரேயொராள்தான் இப்புடிக் குப்ஸ் கேக்கிற. நீ மாஸாட ஆரு?" எண்டாராம். என்ன இங்க மாஸா எண்டுதான் கூப்பிடுவாங்க. "மகள்" எண்டிரிக்காள். அவரே தெரு முனை வரைக்கும் வந்து படியக் காட்டிட்டுப் போயிரிக்கார்.

இதெல்லாம் எனக்கு டீச்சர் புறகு செல்லித்தான் தெரியும். அந்த நேரம் நான் வாளியோட நிக்கிறன். "மகள்" எண்டன். அவள் பாண் பார்சல நீட்டினாள்.

"மிஷ் பாயித்" எண்டாள்.

தொட்டுப் பார்த்தன். இன்னும் சூடா இருந்திச்சு.

உள்ள கூட்டிட்டுப் போனன். டீச்சரக் கிழவிட கட்டிலுக்குப் பக்கத்தில இருத்தினன். ரெண்டு பேருக்கும் ஒரு பாசையும் பொதுவில்ல. ஆனா கிழவி தன்ட முழங்காலக் காட்ட, டீச்சர் தன்ட முழங்காலக் காட்ட, அரை மணித்தியாலம் கதை நடந்திச்சு.

குசினியில நானும் அவளும். தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். குடிக்கல்ல. மேசையப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

"எனக்கு ஒன்பது வயசில ஒரு நாள் போன் எடுத்தீங்க. பின்னால ஒரு புள்ள உம்மாவக் கூப்பிடுற மாதிரி உங்கள 'மாமா' எண்டு கூப்பிட்டுச்சு. நீங்க என்னோட கதைச்சத விட்டுட்டு 'தஅலி யா ரூஹி' எண்டீங்க. அர்த்தம் தெரியா. அந்தச் சத்தத்த மனப்பாடமாக்கி வைச்சிருந்து நஸ்லியா சாச்சியிட்டக் கேட்டன். 'வா, என்ட உயிரே' எண்டு சாச்சி சொன்னா. அண்டைக்குத்தான் நான் அறபு படிக்கணும் எண்டு நினைச்ச. அந்தப் புள்ளையோட வேற என்னென்ன கதைக்கிறீங்க எண்டு எனக்கு விளங்கணும்."

அது காலித்ட மகள் லீன். அப்ப நாலு வயசு. தாய் மவுத்தாகி ஆறு மாசம். "ஓம் மகள், செல்லியிரிக்கன்" எண்டன். "ஒரு தரமில்ல, கன தரம் செல்லியிரிக்கன்" எண்டன். அவளுக்குப் பொய் செல்ல ஏலல்ல.

புறகு பாஸ்போட் கதையையும் செல்லிட்டன்.

"அப்ப வர விருப்பமில்லாம இல்லையே?"

"இல்ல மகள்."

"ஏன் சொல்லல்ல?"

"அடிபட்டு ஓடி வந்து ஒளிச்சிரிக்கன் எண்டு ஒன்பது வயசுப் புள்ளைக்கு எப்புடிச் செல்ற?"

"எனக்குப் பதினேழு வயசாயிட்டு" எண்டாள்.

மறுகா எழும்பி வெளிய போனாள். போயிட்டாள் எண்டு நினைச்சன். தண்ணிச் சத்தம் கேட்டிச்சு. போய்ப் பார்த்தா, நான் விட்டுட்டு வந்த மீதிப் படிகளக் கழுவிட்டு நிக்கிறாள், அபாயாவ முழங்கால் வரைக்கும் தூக்கிக் கட்டிக்கொண்டு.

அதுக்குப் புறகு ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிய வந்தாள். கிழவிக்கு ஸலாம் செல்லி, புத்தக அறபில சுகம் விசாரிப்பாள். கிழவி "டீவியில செய்தி வாசிக்கிற புள்ள வந்திட்டா" எண்டு செல்வா. லீனோட முதல் நாள் முகம் குடுக்கல்ல. நாலாம் நாள் ரெண்டு பேரும் ஒரு போனுக்குள்ள தலைய விட்டுக்கொண்டு இருந்தாங்க. கருவாட்டைப் பொரிச்சன். முழுத் தெருவும் யன்னலச் சாத்திச்சு.

உம்மா எண்டு என்ன ஒரு தரமும் கூப்பிடல்ல. "இங்க பாருங்க" எண்டுதான் கதைக்கிறாள். பரவால்ல. போற அண்டைக்கு என்ட கையப் பிடிச்சுக் கொஞ்ச நேரம் வைச்சிருந்தாள். உன்ட கை மாதிரி நீள விரல்.

ஒண்டு கேக்கணும். சாச்சிட கால் எப்புடி எண்டு அவளிட்டக் கேட்டன். "சாச்சிட காலுக்கு என்ன?" எண்டு என்னத் திருப்பிக் கேட்டாள்.

எழுது.

ராத்தா மசாஹிரா


கல்முனைக்குடி
17.09.2023

அன்புள்ள ராத்தா,

ஸலாம். உங்கட கடிதத்தை அறையைப் பூட்டிட்டு வாசிச்சன். றிபாத் கதவைத் தட்டி, "ஆரும் மவுத்தா?" எண்டு கேட்டார். இல்ல, ஆரோ உயிர் பிழைச்சிருக்காங்க எண்டன். அந்த முதல் ஊட்டுக் கதையை இத்தனை வருசம் தனிய வைச்சிருந்தீங்களே ராத்தா. உங்களோட கோவிக்கிறதா அழுறதா எண்டு தெரியல்ல. ரெண்டையும் செய்தன்.

புள்ளைகள் நல்லபடி வந்து சேர்ந்தாங்க. மசூர் மௌலவி அங்க ரெண்டு தரம் வழி மாறிப் போய், புள்ளைகள்தான் கேட்டுக் கேட்டுக் கூட்டி வந்தாங்களாம். செல்லத்தங்கம் டீச்சருக்கு இப்ப அறபில ஒரு சொல் தெரியும், "ருக்பத்தி". என்ட முழங்கால். ஸ்டாப் ரூமில எல்லாருக்கும் சொல்லிக் காட்டுறா.

றுஸ்னாட புதினம் உங்களுக்கு என்னைவிடக் கூடத் தெரியும். நான் எழும்ப முதல் உங்களோட கதைச்சு முடிக்கிறாள். நேற்று ஏதோ சண்டை போல. போனைக் கொண்டுவந்து என்ட மடியில போட்டு, "உங்கட ராத்தாவுக்கு நீங்களே சொல்லுங்க, கம்பஸ் போறதுக்கு முதல் கலியாணக் கதை எடுக்க வேணாம் எண்டு" எண்டாள். எனக்குச் சிரிப்பு. எட்டு வருசம் கதைக்காத புள்ள, ஆறு கிழமையில சண்டை பிடிக்கிறாள்.

உடம்பைக் கவனிங்க.

நஸ்லியா


அம்மான்
19.11.2023

நஸ்லியா,

ஸலாம். இங்க மழை தொடங்கிட்டு. நான் சுகம். நீங்க எல்லாரும் சுகமா?

காகிதம் வந்திட்டு. தூதரகத்தில புதுப் பயணப் பத்திரம். வெளிய போறதுக்கு இந்த அரசாங்கத்துட அனுமதியும் கிடைச்சிட்டு. ஜனவரி ரெண்டாம் திகதி விமானம்.

காலித் எட்டு வருசமா இதப் பத்தி வாய் திறக்காத மனிசன். கெட்ட மனிசனில்ல, ஆனா நான் இரிந்தா அவருக்கு வசதி. இப்ப என்ட காகிதத்துக்கு ஏன் ஓடித் திரிஞ்சார் எண்டு எனக்கு விளங்கல்ல. நேத்து அவரே சொன்னார். போற அண்டைக்கு முந்தின நாள் றுஸ்னா தனிய அவர்ட கடைக்குப் போயிரிக்காள். வாடிக்கைக்காரங்க நிறைஞ்ச நேரம். நிமிர்ந்து நிண்டு, நீ படிப்பிச்ச அறபில, "உங்களுடைய தாயை என்னுடைய தாய் எட்டு ஆண்டுகள் பராமரித்தார். அவரை என்னிடம் திருப்பி அனுப்புவதற்கு உங்களால் முடியும். அதனை நான் உங்களிடம் வேண்டுகின்றேன்" எண்டிரிக்காள். "பள்ளியில குத்பாப் பிரசங்கம் கேட்ட மாதிரி இரிந்திச்சு மாஸா, நான் வெக்கப்பட்டுப் போனன்" எண்டார். என்ட குசினி அறபில நான் நூறு தரம் கேட்டிரிந்தாலும் அந்த மனிசன்ட காதுக்குள்ள போயிரிக்காது. நீ படிப்பிச்ச அறபுதான் எனக்குக் காகிதம் எடுத்துத் தந்திச்சு.

கிழவிக்கு இன்னும் சரியாச் செல்லல்ல. லீன் பார்த்துக்கொள்றன் எண்டு செல்றாள். ஒரு பொம்புளையும் வாறா.

நஸ்லியா, உன்ட ஊட்டுக்கு விருந்தாளியாத்தான் நான் வாறன். அவளுக்கு என்ன கறி விருப்பம், கோபம் வந்தா எவ்வளவு நேரத்தில ஆறும், காய்ச்சல் வந்தா என்ன குடிப்பாள், ஒண்டும் எனக்குத் தெரியா. நீதான் செல்லித் தரணும். அவள் நீ வளர்த்த புள்ள. ராத்தா வந்து பறிக்கப் போறாள் எண்டு நினைச்சிராத.

கால் பத்தி நீ எழுதல்ல. இனிக் கேக்க மாட்டன்.

ராத்தா


கல்முனைக்குடி
06.12.2023

என்ட ராத்தாவுக்கு,

ஸலாம். இந்தக் கடிதம் நீங்க வெளிக்கிட முதல் வந்து சேருமோ தெரியா. சேரணும் எண்டு துஆ கேட்டுத்தான் எழுதுறன்.

என்ட காலுக்கு ஒண்டும் வரல்ல ராத்தா. பாஸ்போட்டும் விசாவும் லீவுக் கடிதமும் கையில இருந்திச்சு. பதியுதீன் சேரிட்டயும் றுஸ்னாட்டயும் வேற பொய் சொன்னன், கால் கதை உங்களுக்கு மட்டும்தான். பாடசாலையில செல்லத்தங்கம் டீச்சருக்கு மட்டும் தெரியும். அவ ஒண்டும் கேட்கல்ல, "வடிவா யோசிச்சியா புள்ள?" எண்டு மட்டும் கேட்டா.

நான் வந்தா அவள் என்ட முதுகுக்குப் பின்னால நிண்டிருப்பாள். சின்னனில இருந்து அவள் பழக்கம் அதான். ஆரும் வந்தா என்ட சீலையைப் பிடிச்சுக்கொண்டு பின்னால. நான் கதைக்க, நீங்க கதைக்க, அவள் வாய் திறக்காமத் திரும்பி வந்திருப்பாள். அவளாப் போய்க் கதவைத் தட்டணும் எண்டுதான் நிண்டுகொண்டன். றிபாத்துக்கும் இப்படித்தான் சொன்னன்.

ஆனா அது பாதி. மீதியை உங்களுக்கு மட்டும் எழுதுறன். எனக்குப் புள்ள இல்ல. நீங்க ரெண்டு வருசத்துக்கு எண்டு தந்திட்டுப் போன புள்ளைக்குத் தலை வாரி, பல்லு விழக்குள்ள அழுது, வயசுக்கு வரக்குள்ள மஞ்சள் அரைச்சு, எல்லாம் நான்தான். ஆரும் கேட்டா ராத்தாட மகள் எண்டுதான் சொல்லுவன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் என்னைக் கட்டுப்படுத்தி வைச்சிருந்தன். உங்கட வாசல்ல நிண்டு அவள் உங்களை உம்மா எண்டு கூப்பிடுறதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரல்ல. அதுக்காக நான் பொய் சொன்னன். நீங்க எட்டு வருசம் ஒளிச்சிருந்தீங்க, நான் பன்னிரண்டு நாள் ஒளிச்சிருந்தன்.

அவள் கூப்பிடல்ல எண்டு நீங்க எழுதினதை வாசிச்சபோது எனக்குள்ள ஒரு சந்தோசம் வந்திச்சு ராத்தா. அந்தச் சந்தோசத்துக்காக ரெண்டு றக்அத் தொழுது தவ்பா செய்து மன்னிப்புக் கேட்டன்.

போன கிழமை ஷிம்றா ஊட்டுக்கு வந்திருந்தாள். நான் பின்னுக்குத் துணி காயப் போடுறன். "எங்கட உம்மா ஜனவரியில வாறா" எண்டு றுஸ்னா அவளுக்குச் சொன்னது கேட்டுச்சு. துணியைப் பிடிச்சுக்கொண்டு அப்படியே நிண்டன். நெஞ்சு வெடிக்கும் எண்டு நினைச்சிருந்தன். வெடிக்கல்ல. கொஞ்ச நேரத்தில அவள் வெளிய வந்து, "சாச்சி, உம்மா வரக்குள்ள நான் உங்கட அறையிலதான் படுப்பன், அவக்குக் குறட்டை கூட எண்டு லீன் சொன்னாள்" எண்டு சொல்லிட்டுப் போயிட்டாள்.

கறி கேட்டீங்க. இறால். கோபம் வந்தா ரெண்டு நாள், உங்களை மாதிரி. காய்ச்சலுக்குக் கொத்தமல்லி, சீனி கூடப் போட்டாத்தான் குடிப்பாள். மீதியை வந்து பாருங்க. என்னிட்டக் கேட்டு அனுமதி எடுக்க வேணாம்.

கட்டுநாயக்காவுக்கு வேன் பேசியாச்சு. நான், றிபாத், றுஸ்னா. செல்லத்தங்கம் டீச்சரும் வந்தே தீருவன் எண்டு நிக்கிறா. இந்த முறை நான் வாறன் ராத்தா. முன்னுக்கு நிப்பன். அவள் உங்களை உம்மா எண்டு கூப்பிடக்குள்ள பக்கத்தில நிண்டு கேட்கப் போறன். எனக்கு அழுகை வரும். நீங்க என்னைப் பார்க்க வேணாம், அவளைப் பாருங்க.

உங்கட தங்கச்சி,
நஸ்லியா